அந்த அட்டையில் என்ன இல்லை

இந்த ஜூன் மாதம் புதிதாக வந்து சேர்ந்திருக்கும் உங்கள் மூன்று பேருக்கும் இதை எழுதிவைத்துவிட்டுப் போகிறேன். அடுத்த வாரம் நான் வேலூர்ப் பள்ளிக்கூடத்தில் இருப்பேன். கணக்கை எப்படி நடத்துவது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பயிற்சிப் பள்ளியில் நன்றாகவே சொல்லிக்கொடுத்திருப்பார்கள். நான் இங்கே இன்னொரு வேலையும் பார்த்துவந்தேன். அதற்குப் பெயர் கிடையாது, சம்பளம் கிடையாது, கால அட்டவணையில் இடமும் கிடையாது. நம் வகுப்பு எந்தப் பிள்ளைக்குப் போதவில்லை என்று கண்டுபிடிப்பது. அவளுக்குப் போதுமான இடம் எங்கே இருக்கிறது என்று தேடிப்போவது. அந்த வேலையை உங்கள் கையில் விட்டுப் போகிறேன்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். என் அப்பா கெடில ஆற்று மணலை மாட்டுவண்டியில் ஏற்றி விற்றவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துப் படியை முதலில் மிதித்தவள் நான். இதை அடக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது. அப்படிச் சொல்லும் உத்தேசமும் இல்லை. செம்மண்டலத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்கு நடந்து வரும்போது எதிரே மணல் வண்டி வந்தால் இன்றைக்கும் நிமிர்ந்துதான் நடப்பேன். வண்டியில் உட்கார்ந்து வாய்க்கணக்குப் போட்டுக்கொண்டிருந்த என்னை மணல் வாங்க வந்த ஒருவர் தற்செயலாகக் கேட்டார். என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்படி அப்பாவிடம் பேசினார். அவ்வளவுதான் என் கதை. அவர் அன்றைக்கு வேறு வண்டியில் மணல் வாங்கியிருந்தால்? அந்த நினைப்புத்தான் இத்தனை வருஷமாக என்னை வேலை வாங்குகிறது.

மைமூனை எனக்குக் காட்டிக்கொடுத்தது ஒரு ஜன்னல். நாலாவது பாரம் வகுப்பில் அந்த ஜன்னலோரம்தான் அவள் உட்காருவாள். முதுநகர்ப் பெண். மார்க்கு சுமார்தான். பாதிக் கணக்கைப் போட்டுவிட்டு மீதியை அப்படியே விட்டுவிடுவாள், முடிவு தெரிந்த பிறகு எழுதுவானேன் என்பது போல. 'கனாக்காரி' என்று ஆசிரியைகளுக்குள் அவளுக்கு ஒரு பெயர் உண்டு. ஒரு மத்தியானம், கடற்காற்று ஏறி வகுப்பே கண்சொக்கிக் கிடந்த நேரம், அவள் பக்கத்தில் போய் நின்றேன். அவள் திரும்பக்கூட இல்லை.

"அங்க என்ன இருக்கு?" என்று கேட்டேன்.

"ரெண்டு பனமரம் டீச்சர்."

"அது நேத்தும் இருந்துச்சே?"

"நேத்து ஒண்ணாத்தான் தெரிஞ்சுது. இன்னிக்கி ஒரு சாண் தள்ளி ஒக்காந்திருக்கேன், ரெண்டாயிடுச்சு. இன்னும் எவ்ளோ தள்ளி ஒக்காந்தா நடுவுல நம்ம கொடிக்கம்பம் வரும்னு பாத்துட்டிருந்தேன்."

பக்கத்துப் பெண் உடனே புகார் சொன்னாள். "அதான் டீச்சர், காலைலேர்ந்து என்னத் தள்ளிகிட்டே வரா. இன்னும் கொஞ்சம் வுட்டா நான் கீழ வுழுந்துடுவேன்!"

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கப்பலில் போகிறவர்கள் கரையை அளக்கச் செய்கிற காரியத்தை இவள் ஒரு பெஞ்சில் நகர்ந்து நகர்ந்து செய்துகொண்டிருக்கிறாள், யாரும் சொல்லித்தராமல். 'பாடத்தைக் கவனி' என்று நான் ஒரு அதட்டல் போட்டிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். ஜன்னலுக்கு வெளியே பார்க்கும் பிள்ளையிடம் அங்கே என்ன இருக்கிறது என்று கேளுங்கள். பெரும்பாலும் காக்கா இருக்கும். கேட்டுவிடுங்கள்.

அவளுக்கு என்ன செய்யலாம் என்று தேடத் தொடங்கினேன். இந்த ஜில்லாவில் இப்படிப்பட்ட வாய்ப்புகளை யாரும் தண்டோரா போட்டுச் சொல்வதில்லை. துறைமுக ஆபீசில் ஒரு தூரக்கண்ணாடி இருந்தது, கேட்டதும் காட்டினார்கள். ஆஸ்பத்திரி டாக்டரம்மாவிடம் ஒரு மைக்ராஸ்கோப் இருந்தது. திரும்பத் திரும்பக் கேட்டபின் காட்டினார். சிதம்பரத்து விஷயம் எனக்குக் கிடைத்தது ஒரு கல்யாணப் பந்தியில், பக்கத்து இலையில் சாப்பிட்ட அம்மாளிடமிருந்து. அங்கே ஒரு பேராசிரியர் பிள்ளைகளின் புத்திக்கூர்மையைச் சோதிக்கும் பெட்டி ஒன்று வைத்திருக்கிறார். அதில் மிகவும் நன்றாகத் தேறுகிற ஒரு பெண்ணுக்கு வருஷந்தோறும் ஒரு பெரிய வீட்டு அம்மாளின் நிதியில் அங்கேயே ஹாஸ்டலும் படிப்பும். சனிக்கிழமைகளில் கல்லூரி நூலகம், கணக்கு விரிவுரையாளரிடம் தனிப்பாடம். நான் பாயசத்தை விட்டுவிட்டு எழுந்து போய்க் கையைக் கழுவிக்கொண்டு விலாசம் வாங்கினேன்.

மைமூனின் அத்தா யுத்தத்துக்கு முன்பே பினாங்குக்குப் போனவர். யுத்தம் முடிந்தும் அவரிடமிருந்து தபால் இல்லை. குடும்பத்தைத் தாங்கியது அவளுடைய தாய்மாமா. முதுநகரில் கைலியும் புடவையும் விற்கும் கடைக்காரர். அவர் ஏற்கெனவே மங்கலம்பேட்டையில் ஒரு மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தார். நான் வீடு தேடிப் போய்ப் பேசிப் பேசி, கடைசியில் அவரே சிதம்பரத்துக்குக் கூட வருவதாக ஒப்புக்கொண்டார்.

ரயிலில் எதிரே உட்கார்ந்து குடையை முழங்கால்களுக்கு நடுவே நட்டுக்கொண்டு அவர் பேசினார். "டீச்சரம்மா, ஒங்க வார்த்தைக்காவ ஒரு நாள் யாவாரத்த வுட்டுட்டு வந்திருக்கேன். இவ கெட்டிக்காரின்னு எனக்கும் தெரியும். எங்க வூட்ல யாரு மக்கு? அதுக்காவ எல்லாரையும் ரயில்ல ஏத்தி சோதிச்சுப் பாக்கணுமா?"

"எல்லாரையும் வேணாம், இவளை மட்டும்."

"ஒளிச்சுப் பேச எனக்குத் தெரியாது. அந்த சாரு, 'ஆமா, இவ தனிதான்'னு வாயால சொல்லட்டும், நான் யோசிக்கிறேன். சொல்லலன்னா நோம்புப் பெருநா கழிச்சு நிக்காஹ். மங்கலம்பேட்டக்காரங்க எத்தினி மாசம்தான் காத்திருப்பாங்க? பொறுமைக்கும் ஒரு அளவு இருக்குல்ல?"

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. தன் வீட்டு அடுப்போடு சேர்த்து இன்னொரு வீட்டு அடுப்பையும் எரியவைத்துக்கொண்டிருக்கும் மனிதர். பேச உரிமை உள்ளவர்.

பரங்கிப்பேட்டை தாண்டி வெள்ளாற்றுப் பாலத்தில் வண்டி மெதுவாக ஊர்ந்தது. கீழே தண்ணீர் நகர்கிறதா நாம் நகர்கிறோமா என்று தெரியாத ஓர் அமைதி. மாமா தூங்கிவிட்டார். மைமூன் ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்திருந்தாள். கிள்ளை போயிற்று. சவுக்குத் தோப்புகளுக்கு அப்பால், வயல் வெளியில், வெயில் புகைக்கு நடுவே சிதம்பரத்துக் கோபுரங்கள் மிதந்து வந்தன. தரையில் நிற்பவை போலவே இல்லை.

"இவ்வளவு நாளா ஒண்ணே ஒண்ணுன்னு நெனச்சிருந்தேன் டீச்சர். நாலா?" என்றாள். கம்பியிலிருந்து நெற்றியை எடுக்காமலே பார்த்துக்கொண்டு வந்தாள். திடீரென்று சொன்னாள்: "கொஞ்ச நேரத்துல முன்னால இருக்கிறது அந்தப் பின்னால இருக்கிறத மறைச்சிடும்." அவள் சொல்லி முடித்துக் கொஞ்சம் பொறுத்து, கிழக்குக் கோபுரம் மெல்ல நகர்ந்து மேற்குக் கோபுரத்தைத் தனக்குப் பின்னால் வாங்கிக்கொண்டது. "எவ்ளோ வேகமா மறையுதுன்னு பாத்தா, எவ்ளோ தூரத்துல இருக்குன்னு சொல்லிடலாம், இல்ல?" என்று என்னைக் கேட்டாள். ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

கல்லூரியின் ஒரு கோடியில், வேப்பமரங்களுக்கு நடுவே, ஓடு போட்ட ஓர் அறை. பேராசிரியர் மெல்லிய குரலில் பேசுகிறவர். மாமாவை வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார். என்னைச் சுவரோரம் ஒரு முக்காலியில் உட்காரவைத்து ஒரே ஒரு விதி சொன்னார். "பெட்டி மூடுற வரைக்கும் நீங்க வாயே திறக்கக்கூடாது அம்மா. கண்ணாலயும் பேசக்கூடாது. பேசினா அந்தச் சோதனை செல்லாது."

மரக்கட்டைகளை அடுக்கும் பகுதியை மைமூன் விளையாட்டாக முடித்தாள். அடுத்தது படங்கள். ஒவ்வொரு அட்டையிலும் வரைந்திருப்பதில் ஒன்று விட்டுப்போயிருக்கும். அது எது என்று சொல்லவேண்டும். அயல்நாட்டுப் பெட்டிதான். ஆனால் நம் பிள்ளைகளுக்கு அதிலிருந்த தொப்பியும் கோட்டும் புரியாது என்று, பேராசிரியர் ஒரு டிராயிங் மாஸ்டரைக் கொண்டு நம்மூர்ப் படங்களாக மாற்றி வரைந்திருந்தார். நல்ல காரியம்தான். தொடர்ந்து மூன்று அட்டைக்குத் தப்பாகச் சொன்னால் அத்தோடு பெட்டியை மூடிவிடுவது அவருடைய முறை.

சக்கரமில்லாத வண்டி, ஒரு காதில்லாத பூனை, கைப்பிடியில்லாத குடை. எல்லாம் சரியாகப் போயிற்று. அடுத்து ஒரு பெண்ணின் முகம். வாரி முடிந்த தலை, காதில் தோடு, மூக்கில் மூக்குத்தி. நெற்றியில் பொட்டு இல்லை.

நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே அதைப் பார்த்துவிட்டேன். என் நெற்றியில் இருந்த பொட்டு திடீரென்று கனத்தது.

மைமூன் அந்த முகத்தைப் பார்த்தாள். அட்டையைக் கொஞ்சம் சாய்த்துப் பார்த்தாள். "ஒண்ணும் கொறயல சார்."

பேராசிரியரின் பென்சில் அசைந்தது. அடுத்த அட்டையில் ஒரு வீட்டு வாசல்: மாவிலைத் தோரணம், மூடிய கதவு, சுத்தமாகப் பெருக்கிய தரை. கோலம் இல்லை. அவள், "கதவுக்குத் தாப்பா போடல," என்றாள். உண்மையிலேயே தாழ்ப்பாள் இல்லை. டிராயிங் மாஸ்டர் மறந்துபோயிருந்தார். பென்சில் மறுபடியும் அசைந்தது. மூன்றாவதில் பொங்கல் பானை பொங்கி வழிந்துகொண்டிருந்தது. அதன் கழுத்தில் மஞ்சள் கொத்துக் கட்டவில்லை. அவள் அதிக நேரம் பார்த்தாள். கண்கள் எங்கேயோ போய்த் திரும்பின.

"கீழ நெருப்பே இல்ல சார். எப்பிடிப் பொங்கும்?"

பேராசிரியர் பெட்டியை மூடினார். மூடி விழுந்த சத்தம் சின்னதுதான்.

நாளைக்கு உங்களுக்கும் இப்படி ஒரு நிமிஷம் வரும். அப்போது என்ன தோன்றும் என்று சொல்லிவைக்கிறேன். 'உங்கள் சோதனையே தப்பு சார்' என்று கத்தத் தோன்றும். எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. மணல் வண்டிக்காரர் மகளுக்கு நாக்கு நுனிக்கு வந்ததை விழுங்குவது பழக்கமில்லை. ஆனால் ஒரு பிள்ளைக்காக அவளுடைய டீச்சர் வாதாடினால் அதற்கு என்ன மதிப்பு? எல்லா டீச்சருக்கும் தங்கள் பிள்ளை தோற்றதற்கு ஒரு காரணம் இருக்கும். அவர் அதையெல்லாம் எத்தனையோ தடவை கேட்டிருப்பார். பேசாமல் எழுந்து வந்தாலோ, வெளியே பெஞ்சில் மங்கலம்பேட்டை உட்கார்ந்திருக்கிறது.

"சார், பெட்டி மூடியாச்சு. இப்ப நான் பேசலாமா?" என்றேன்.

"பேசுங்க அம்மா."

"கடைசி மூணு அட்டையையும் வெளியே இருக்கிற இவ மாமாகிட்ட ஒரு தடவை காட்டுறீங்களா?"

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "இது பிள்ளைங்களுக்கான சோதனை அம்மா. அவருக்கு நாப்பது வயசு இருக்குமே?"

"அதனாலதான் கேக்கறேன். பிள்ளைங்க சொல்லவேண்டியதைப் பெரியவர் சுலபமாச் சொல்லிடணும் இல்லையா?"

அவர் பெட்டியைத் திறந்து மூன்று அட்டைகளையும் எடுத்துவைத்தார். பிறகு தானே எழுந்து போய்க் கூப்பிட்டார். அந்த இடைவெளியில்தான் நான் செய்த காரியத்தின் ஆபத்து எனக்கு உறைத்தது. மாமா புடவைக் கடைக்காரர். தினமும் நெற்றியில் பொட்டு வைத்த எத்தனையோ பெண்கள் அவர் கடைப் பாயில் உட்கார்ந்து பேரம் பேசுகிறார்கள். 'பொட்டு இல்லை' என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதோடு, இவள் தேறாமல் போவதுதான் அவருக்குச் சௌகரியம்.

மாமா குடையோடு உள்ளே வந்தார். பேராசிரியர் முதல் அட்டையை நீட்டினார். "இதுல ஏதோ ஒண்ணு விட்டுப்போச்சு. என்னன்னு பாத்துச் சொல்லுங்க."

மாமா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், சாயம் போகுமா என்று துணியைப் பார்ப்பதுபோல. "எதுவும் வுட்டுப்போவலியே. நல்லாத்தானே இருக்கு. யாரு, நம்ம தெருப் பொண்ணா? மூக்குத்தியப் பாத்தா நல்ல எடமாட்டம் தெரியுது."

பொட்டு என்ற சொல்லே அவர் வாயில் வரவில்லை. பேராசிரியர் வாசல் படத்தை நீட்டினார்.

"கதவு இருக்கு, தாப்பா எங்க? திருடன் வந்தா இந்தத் தோரணமா தடுக்கும்?"

பேராசிரியரின் உதட்டோரம் லேசாகத் துடித்தது. மூன்றாவதை நீட்டினார். பானையை மாமா முகம் சுளித்துப் பார்த்தார். "இவ்ளோ பொங்கி ஊத்துது, பக்கத்துல ஒரு பொம்பளயக் காணும். சோறு வீணா..."

"மாமா, நெருப்பே இல்ல பாருங்க," என்றாள் மைமூன், தாங்கமுடியாமல்.

"அட! ஆமா!" மாமா அட்டையைக் கிட்டே கொண்டுபோனார். "அடுப்பு அணஞ்சு கெடக்கு, இது எப்பிடிப் பொங்குது? யாரு சார் வரஞ்சது இத? கடைக்கு வந்தா பாதி வெல கூட குடுக்கமாட்டேன்."

பேராசிரியர் சிரித்துவிட்டார். சத்தம் போட்டே சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்று, மூன்று அட்டைகளையும் மேஜையில் வரிசையாக வைத்து, முதல் தடவை பார்ப்பவர்போல நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனிதர் மேல் எனக்கு இன்றும் உள்ள மரியாதை அந்த நேரத்தில் வந்தது. "என் வீட்டு வாசலைத்தான் வரையச் சொல்லியிருக்கேன். ஊர் வாசல்னு நினைச்சுட்டேன்," என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

அலமாரியிலிருந்து வேறொரு பெட்டியை எடுத்தார். அதில் ஆள் இல்லை, வீடு இல்லை. வட்டம், முக்கோணம், கோடுகள் மட்டும். ஒன்றிலிருந்து ஒன்று எப்படி மாறுகிறது என்று பார்த்து, அடுத்தது எப்படி இருக்கும் என்று சொல்லவேண்டும். "இதுல அவசரமே கிடையாது," என்று மைமூனிடம் சொன்னார்.

அந்த மத்தியானத்தை எப்படிச் சொல்வது? வேப்பம்பூ உதிர்ந்து ஜன்னல் விளிம்பில் சேர்ந்துகொண்டிருந்தது. எங்கோ ஒரு புறா விட்டுவிட்டு முனகியது. மாமா வெளியே போகாமல் கதவோரமே நின்றுவிட்டார், யாரும் அவரைப் போகச் சொல்லவும் இல்லை. மைமூன் ஒரு அட்டையைப் பார்ப்பாள். பிறகு ஜன்னலைப் பார்ப்பாள். வெளியே எங்கேயோ போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருவாள். விரலால் ஒரு வடிவத்தைத் தொடுவாள். சரி. அடுத்தது. சரி. அட்டைகள் குறையக் குறைய அறையில் ஏதோ நிறைந்துகொண்டே வந்தது. பள்ளிக்கூடத்தில் 'கனாக்காரி' என்று நாங்கள் பெயர் வைத்த அந்தப் பார்வைதான் அவள் வேலை செய்கிற விதம் என்று அன்றைக்குக் கண்ணெதிரே கண்டேன்.

கடைசியில் பேராசிரியர் கையை உள்ளே விட்டுத் துழாவினார். ஒன்றுமில்லை. பெட்டியை மாமாவின் பக்கம் சாய்த்துக் காட்டினார். அடியில் ஒட்டியிருந்த நீலக் காகிதம் மட்டும் தெரிந்தது.

"இந்தப் பெட்டியோட அடியை இதுவரைக்கும் எந்தப் பிள்ளையும் எனக்குக் காட்டினதில்லை. இவ தனிதான். இடம் இவளுக்குத்தான். அனுப்புறதும் அனுப்பாததும் உங்க இஷ்டம்."

மாமா குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்தார்.

திரும்பும் வண்டியில் மாலை வெயில். அவர் ஜன்னலோரத்தை மைமூனுக்கு விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் எதிரே. எதுவும் கேட்கவில்லை. இந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டிருப்பதும் நம் வேலையில் சேர்ந்தது. வண்டி ஊரைத் தாண்டியதும் அவரே பேசினார். "மங்கலம்பேட்டக்காரங்களுக்கு நான் என்னான்னு போய்ச் சொல்லுவேன்? வார்த்த குடுத்தது போல ஆயிப்போச்சு." பதிலுக்குக் காத்திராமல் மைமூனின் பக்கம் திரும்பினார். "நீ என்னா, வாயத் தெறக்காம வெளியவே பாத்துட்டு வர?"

"இப்ப ரெண்டு கோபுரம் ஒண்ணாவும் மாமா."

"எது?"

"அந்த ரெண்டும். இந்தத் தோப்பு தாண்டட்டும், பாருங்க."

அவர் குனிந்து அவள் தலைக்கு மேலே எட்டிப் பார்த்தார். தோப்பு விலகியது. தூரத்தில் பழுப்பு நிறமாக இருந்த இரண்டு கோபுரங்கள் ஒன்றை நோக்கி ஒன்று நகர்ந்து, நெருங்கி, ஒன்றாகி, நின்றன. மாமா வாயைத் திறந்தபடியே இருந்தார். அவர் இந்தப் பாதையில் எத்தனை முறை துணி மூட்டையோடு போய்வந்திருப்பார்! மறுபடியும் அவை பிரிந்து, புகையில் கரைந்தன.

"ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

"நாம எங்க இருக்கோம்ங்கறத வச்சுத்தான் மாமா."

கிள்ளை வந்தது. ஆற்றுப்பாலம் வந்தது. பரங்கிப்பேட்டையில் மீன் கூடைகள் ஏறின. அந்த வாடை பெட்டியெங்கும் பரவியபோது, மாமா எதையோ நினைத்துக்கொண்டவர்போல என் பக்கம் சாய்ந்து, மைமூனுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார்.

"டீச்சரம்மா, அந்த ஹாஸ்டல்ல மீனு போடுவாங்களா? இது மீனு இல்லாம ஒரு வாய் சாப்புடாது."

கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கேட்டேன். போடமாட்டார்கள். அதனால் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, தூக்குச் சட்டியில் மீன் குழம்போடு சிதம்பரத்துக்கு ரயில் ஏறுகிற மாமாவை இன்றைக்கும் முதுநகர் ஸ்டேஷனில் பார்க்கலாம். பார்த்தால் நான் கேட்டதாகச் சொல்லுங்கள். எந்தப் பக்கத்து ஜன்னலில் உட்காரவேண்டும் என்று அவரே உங்களுக்குச் சொல்வார்.